நாஜிக்கள் துரத்தப் பார்த்தார்கள்... தேனீக்கள் காப்பாற்றின! தேனீ மொழியைப் படித்த கார்ல் வான் ஃபிரிஷ் யார்?

1941 ஜனவரி. ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்த கார்ல் வான் ஃபிரிஷுக்கு அரசிடமிருந்து ஒரு தகவல் வருகிறது. அவர் கால்வாசி யூதர். ஆகவே, அரசுப் பணியில் தொடர முடியாது. விஷயம் அவ்வளவுதான்.

அப்போது அவருக்கு வயது 54. உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த ஆய்வாளர். ஆனால், ஹிட்லரின் ஆட்சியில் அதெல்லாம் கணக்கிலேயே இல்லை. அவரைக் காப்பாற்றியது நண்பர்களின் சிபாரிசு மட்டுமில்லை. அந்த நேரம் பார்த்து ஐரோப்பாவில் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த தேனீக்களும்தான்.

தேனீக்கள் நடனமாடி ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்கின்றன என்று பள்ளிப் புத்தகத்திலோ, ஏதாவது ஒரு ரீல்ஸிலோ பார்த்திருப்பீர்கள். அதைக் கண்டுபிடித்து, 1973-ல் நோபல் பரிசு வாங்கியவர் இவர்தான். தேனீக்கள் குறைந்துவருவது பற்றி உலகமே கவலைப்படும் இந்தக் காலத்தில், இவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது ரொம்பவே அவசியம்.

வீடே ஒரு மிருகக்காட்சி சாலை

1886 நவம்பர் 20-ம் தேதி ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் பிறந்தார் ஃபிரிஷ். அப்பா ஆன்டன் அறுவை சிகிச்சை நிபுணர். அம்மா மாரி, எக்ஸ்னர் என்ற பிரபலமான அறிவுஜீவிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நான்கு மகன்களில் கடைக்குட்டி கார்ல். நான்கு பேருமே பிற்காலத்தில் பேராசிரியர்கள் ஆனார்கள் என்றால் அந்த வீட்டுச் சூழலை யோசித்துப் பாருங்கள்.

சின்ன வயதிலிருந்தே கார்லுக்கு உயிரினங்கள் மேல் பைத்தியம். பறவை, மீன், பல்லி, பூச்சி என்று 100-க்கும் மேற்பட்ட வகை உயிரினங்களை வளர்த்துப் பார்த்திருக்கிறார். வொல்ஃப்காங் ஏரிக்கரையில் புருன்விங்கல் என்ற இடத்தில் குடும்பத்துக்கு ஒரு பழைய ஆலை வீடு இருந்தது. கோடை விடுமுறை என்றால் அங்கேதான். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கதையில் மறுபடி வரும்.

அப்பாவின் விருப்பப்படி முதலில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். மனசு ஒட்டவில்லை. பாதியில் விட்டுவிட்டு விலங்கியலுக்கு மாறினார். 1910-ல் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு மியூனிக்கில் ஆய்வுப் பணியில் சேர்ந்தார்.

சீனியரோடு முதல் மோதல்

அந்தக் காலத்தில் மியூனிக்கின் புகழ்பெற்ற கண் மருத்துவர் கார்ல் வான் ஹெஸ். மீன்களுக்கும் பூச்சிகளுக்கும் நிறமே தெரியாது என்று அடித்துச் சொன்னவர் அவர். பெரிய ஆள் சொன்னதால் பலரும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

இளைஞரான ஃபிரிஷுக்கு மட்டும் ஒரு சந்தேகம். பூச்சிகளுக்கு நிறம் தெரியாது என்றால் பூக்கள் எதற்காக இத்தனை வண்ணத்தில் பூக்க வேண்டும்?

இதற்கு அவர் செய்த சோதனை ரொம்ப எளிமையானது. நீல நிற அட்டை ஒன்றின் மேல் சர்க்கரைத் தண்ணீரை வைத்து, தேனீக்களை அங்கே வரப் பழக்கினார். பிறகு, வெளிர் சாம்பலில் தொடங்கி அடர் சாம்பல் வரை பல அட்டைகளைப் பரப்பி, நடுவில் ஒரு புது நீல அட்டையை வைத்தார். இந்த முறை எதிலும் சர்க்கரை கிடையாது. தேனீக்களுக்கு நிறம் தெரியாமல் வெளிச்சத்தின் அளவு மட்டும்தான் தெரியும் என்றால், நீலத்தையும் ஏதோ ஒரு சாம்பலையும் குழப்பிக்கொள்ள வேண்டும். ஆனால், அவை நேராக நீலத்தில் போய் உட்கார்ந்தன.

இதே சோதனையைச் சிவப்பு அட்டையோடு செய்தபோது தேனீக்கள் தடுமாறின. சிவப்பையும் கறுப்பையும் அவற்றால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதேசமயம், நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி தேனீக்களுக்குத் தெரியும் என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் உறுதியானது. நாம் பார்க்கும் தோட்டமும் தேனீ பார்க்கும் தோட்டமும் ஒன்றில்லை.

ஹெஸ் கடைசி வரை இதை ஏற்கவில்லை. ஆனால், அறிவியல் உலகம் ஃபிரிஷ் பக்கம் வந்தது. மீன்களுக்குக் காது கேட்கும் என்பதையும் இதே பாணியில்தான் நிரூபித்தார். கெளுத்தி மீன் ஒன்றுக்கு, விசில் அடித்தால் சாப்பாடு வரும் என்று பழக்கினார். கொஞ்ச நாளில் விசில் சத்தம் கேட்டாலே அது வெளியே வந்தது!

ஒரு தேனீ வந்தால் ஊரே எப்படி வருகிறது?

முதல் உலகப் போர் நடந்தபோது, பார்வைக் குறைபாடு இருந்ததால் ஃபிரிஷ் ராணுவத்தில் சேர்க்கப்படவில்லை. வியன்னாவில் அண்ணன் நடத்திய மருத்துவமனையில் வேலை பார்த்தார். அங்கே செவிலியராக இருந்த மார்கரெட்டை 1917-ல் திருமணம் செய்துகொண்டார்.

போர் முடிந்ததும் மீண்டும் மியூனிக். மீண்டும் தேனீ. அவரை ரொம்ப நாளாகக் குடைந்துகொண்டிருந்த கேள்வி ஒன்று உண்டு. வெளியே சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் முதல் தேனீ அதைக் கண்டுபிடிக்க மணிக்கணக்கில்கூட ஆகலாம். ஆனால், ஒன்று வந்துவிட்டுப் போனால் போதும்... கொஞ்ச நேரத்தில் கூட்டமே வந்து மொய்க்கும். அப்படியானால் முதல் தேனீ கூட்டில் போய் எதையோ சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொன்னது?

இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்து, ஒரே ஒரு தேனடை மட்டும் இருக்கும் பெட்டியைப் பயன்படுத்தினார். தேனீக்களின் முதுகில் வண்ணப் புள்ளிகள் வைத்தார். ஐந்து நிறங்கள், புள்ளி வைக்கும் இடம் இரண்டையும் சேர்த்து எண்களாகப் படிக்கும் முறை அது. இதன் மூலம் 599 தேனீக்கள் வரை தனித்தனியாக அடையாளம் காண முடிந்தது. க்யூஆர் கோடு வருவதற்கு பல பத்தாண்டுகளுக்கு முன்பே தேனீக்கு ஐடி கார்டு!

1919-ல் அவர் கண்ட காட்சி, வாழ்க்கையையே திருப்பிப்போட்டது. சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிய தேனீ, அடையின் மேல் வட்டமடித்து ஆடியது. பக்கத்தில் இருந்தவை பரபரப்பாகி, உணர்கொம்புகளால் அதைத் தொட்டுக்கொண்டே பின்தொடர்ந்தன. பிறகு ஒவ்வொன்றாக வெளியே கிளம்பின. இன்னொரு வகை நடனத்தையும் பார்த்தார். அதில் தேனீ பின்பகுதியை ஆட்டிக்கொண்டே நேர்கோட்டில் ஓடி, அரைவட்டம் அடித்துத் திரும்பி, மறுபடி ஓடியது.

1920-களில் அவர் எடுத்த முடிவு இதுதான்: வட்ட நடனம் என்றால் தேன், வாலாட்ட நடனம் என்றால் மகரந்தம். அந்த முடிவு தப்பு. ஆனால், அது தெரியவர 20 ஆண்டுகளுக்கும் மேல் ஆனது.

ஒரு பாட்டியால் வந்த ஆபத்து

1925-ல் மியூனிக் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் நிறுவனத்துக்குத் தலைவரானார் ஃபிரிஷ். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உதவியுடன் அந்த நிறுவனத்துக்குப் புதுக் கட்டடமும் கிடைத்தது. எல்லாமே நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். சில மாதங்களிலேயே, அரசு ஊழியர்கள் தாங்கள் ஆரிய வம்சம் என்று ஆவணங்களோடு நிரூபிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் அரசு ஊழியர்கள்தான். ஃபிரிஷின் அம்மாவைப் பெற்ற பாட்டி யூத வம்சாவளியைச் சேர்ந்தவர். அதற்கான ஆவணங்களில் முதலில் தெளிவில்லாததால் விஷயம் சில ஆண்டுகள் இழுத்தது.

இதற்கிடையே பல்கலைக்கழகத்திலேயே நாஜி ஆதரவாளர்கள் சிலர் அவருக்கு எதிராக வேலை செய்தார்கள். ஆய்வகத்தில் யூதர்களுக்கு இடம் கொடுக்கிறார், ஆட்சியின் கொள்கையில் ஈடுபாடு இல்லாதவர் என்றெல்லாம் புகார்கள் போயின. கடைசியில்தான் 1941 ஜனவரியில் அந்த முடிவு வந்தது.

நோசிமா: கொல்ல வந்த நோய் கொடுத்த ஆயுள்

அதே காலகட்டத்தில் ஜெர்மனியின் தேனீ வளர்ப்பாளர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். நோசிமா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி தேனீக்களின் குடலைத் தாக்கி, லட்சக்கணக்கான தேனீக் கூட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது.

இதில் தேன் நஷ்டம் என்பது சின்னப் பிரச்சினை. தேனீ இல்லையென்றால் பழ மரங்களுக்கும் எண்ணெய் வித்துகளுக்கும் தீவனப் பயிர்களுக்கும் மகரந்தச் சேர்க்கை நடக்காது. போர் நடக்கும் நாட்டில் விளைச்சல் விழுந்தால் என்ன ஆகும் என்பது அரசுக்குத் தெரியும். உணவு அமைச்சகம் பதறியது. நாட்டிலேயே தேனீக்களைப் பற்றி அதிகம் தெரிந்தவர் யார் என்று பார்த்தால், வேலையை விட்டு அனுப்பப்பட வேண்டிய பட்டியலில் இருந்த ஃபிரிஷ்தான்!

சக ஆய்வாளர்களும் ஆதரவாளர்களும் இந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நோசிமா ஆய்வு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பணிநீக்கம் ரத்தாகவில்லை, போர் முடியும்வரை தள்ளிவைக்கப்பட்டது. அதாவது, ஜெர்மனி ஜெயித்திருந்தால் அவர் கதை முடிந்திருக்கும்.

இதில் கசப்பான பக்கமும் இருக்கிறது. மனிதராக அவருக்கு மரியாதை கிடைக்கவில்லை. ஆட்சிக்குப் பயன்படுகிறார் என்பதால் மட்டும் விட்டுவைத்தார்கள். போர்க்கால உணவு உற்பத்திக்கு உதவுகிறேன் என்று சொல்லித்தான் அவரும் ஆய்வைத் தொடர முடிந்தது. ஜெர்மனியின் யூத ஆய்வாளர்கள் பெரும்பாலானோருக்கு அந்த வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. வேலையையும் நாட்டையும் இழந்தவர்கள் பலர். உயிரையே இழந்தவர்களும் உண்டு.

குண்டு விழுந்த ஊர், கோடை வீட்டில் கண்டுபிடிப்பு

1944-ல் மியூனிக் மீது நடந்த விமானத் தாக்குதலில் ஃபிரிஷின் வீடு தரைமட்டமானது. பார்த்துப் பார்த்துக் கட்டிய ஆய்வு நிறுவனமும் சேதமடைந்தது. அவர் போய்ச் சேர்ந்த இடம் சின்ன வயதில் ஓடியாடிய அதே புருன்விங்கல்.

அங்கே நடந்த ஆய்வு, விளைச்சல் சம்பந்தப்பட்டது. ஒரு பயிரின் பூவாசனை கலந்த சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்தால் தேனீக்களை அந்தப் பயிருக்கே அனுப்ப முடியுமா என்று பார்த்தார்கள். அப்போது, உணவு வைக்கும் தூரத்தை மாற்றினால் தேனீக்கள் நடந்துகொள்ளும் விதமும் மாறுவது தெரிந்தது. ரூத் பாய்ட்லர் என்ற சக ஆய்வாளருக்கு இந்த ஆய்வில் முக்கியமான பங்கு உண்டு.

சர்க்கரைத் தண்ணீரைச் சில நூறு மீட்டர் தள்ளி வைத்தபோதுதான் ட்விஸ்ட். மகரந்தம் எடுத்துவந்தால் மட்டுமே ஆடும் என்று ஃபிரிஷ் நம்பியிருந்த வாலாட்ட நடனத்தை, சர்க்கரைத் தண்ணீர் குடித்துவந்த தேனீக்களும் ஆடின!

பழைய முடிவு ஏன் தப்பானது? 1920-களில் அவர் சர்க்கரைத் தண்ணீரை எப்போதும் கூட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். மகரந்தமோ தூரத்துப் பூக்களிலிருந்து வந்தது. ஆகவே, நடனத்தில் இருந்த வித்தியாசம் தேனுக்கும் மகரந்தத்துக்கும் அல்ல, பக்கத்துக்கும் தூரத்துக்கும். இருபது ஆண்டுகளாகத் தன் பெயரில் இருந்த கருத்தைத் தானே தப்பு என்று வெளியிட்டார் ஃபிரிஷ்.

சரி, அந்த நடனம் என்னதான் சொல்கிறது?

1945 கோடையில் திசையின் ரகசியமும் உடைந்தது. சுருக்கமாக இப்படிப் புரிந்துகொள்ளலாம்:

- பக்கத்தில் உணவு: சுமார் 50 முதல் 100 மீட்டருக்குள் இருந்தால் வட்ட நடனம். இங்கேதான் இருக்கிறது, போய்த் தேடுங்கள் என்று அர்த்தம்.

- தூரத்தில் உணவு: வாலாட்ட நடனம். தூரம் கூடக்கூட நடனத்தின் வேகம் குறையும். 100 மீட்டரில் உணவு என்றால் 15 விநாடிகளில் 9 அல்லது 10 சுற்று. 1 கிலோமீட்டர் என்றால் 4 அல்லது 5 சுற்று மட்டுமே.

- திசை: கூட்டுக்குள் இருட்டு, அடை செங்குத்தாகத் தொங்குகிறது. அதில் மேல்நோக்கிய திசையைத்தான் தேனீ சூரியனாக வைத்துக்கொள்கிறது. நேராக மேலே ஓடினால் சூரியன் இருக்கும் பக்கம் போ என்று அர்த்தம். செங்குத்துக் கோட்டுக்கு இடப்பக்கம் 40 டிகிரி சாய்ந்து ஓடினால், சூரியனுக்கு இடப்பக்கம் 40 டிகிரியில் உணவு இருக்கிறது.

- சூரியன் மறைந்தால்? மேகத்துக்கு இடையே கொஞ்சம் நீல வானம் தெரிந்தாலே போதும். அந்த ஒளி எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதை வைத்துச் சூரியன் இருக்கும் இடத்தைத் தேனீ கணித்துவிடும். இதையும் 1940-களின் இறுதியில் ஃபிரிஷ்தான் காட்டினார்.

நம் கையில் கூகுள் மேப் வந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன. கடுகளவு மூளை உள்ள தேனீ லொகேஷன் ஷேர் செய்வதைக் காலங்காலமாகச் செய்துவருகிறது.

இலங்கைக்கு வந்த சீடர்

ஃபிரிஷின் மாணவர்களில் முக்கியமானவர் மார்ட்டின் லிண்டவர். ஐரோப்பியத் தேனீ மட்டும்தான் இப்படி ஆடுமா என்ற கேள்வியோடு 1950-களில் அவர் இலங்கைக்கு வந்தார். நமக்குப் பழக்கமான மலைத்தேனீ, கொம்புத்தேனீ, இந்தியத் தேனீ மூன்றையும் ஆராய்ந்தார்.

மூன்றுமே ஆடின. ஆனால், கொம்புத்தேனீ மட்டும் கொஞ்சம் வித்தியாசம். திறந்தவெளியில் கிளையைச் சுற்றிக் கூடு கட்டும் அது, கூட்டின் உச்சியில் இருக்கும் சமதளத்தில் ஆடி, உணவு இருக்கும் திசையை நேரடியாகவே காட்டியது. மேலே என்றால் சூரியன் என்ற மொழிபெயர்ப்பு அதற்குத் தேவைப்படவில்லை. இருட்டான பொந்துக்குள் வாழும் தேனீக்களின் நடனம் எப்படி உருவாகியிருக்கலாம் என்பதற்கு இது முக்கியமான துப்பாக அமைந்தது.

நோபல், சர்ச்சை, ரேடார்

போருக்குப் பிறகு சில ஆண்டுகள் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பணியாற்றிய ஃபிரிஷ், 1950-ல் மியூனிக்குக்குத் திரும்பினார். 1958-ல் ஓய்வு பெற்றார். ஆனால், ஆய்வை விடவில்லை.

எல்லோரும் அவரை ஏற்றுக்கொண்டார்களா என்றால், இல்லை. 1960-களின் பிற்பாதியில் அமெரிக்க ஆய்வாளர் ஏட்ரியன் வென்னர், தேனீக்கள் வாசனையை வைத்துத்தான் உணவைக் கண்டுபிடிக்கின்றன, நடனத்தைப் படிப்பதில்லை என்று வாதிட்டார். இந்தச் சண்டை பல ஆண்டுகள் ஓடியது. அதற்கு நடுவே, 1973-ல் கொன்ராட் லோரென்ஸ், நிக்கோ டின்பெர்கன் ஆகியோரோடு சேர்த்து ஃபிரிஷுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 86.

1982 ஜூன் 12-ம் தேதி, 95-வது வயதில் மியூனிக்கில் காலமானார் ஃபிரிஷ். அவர் சொன்னதற்கு வலுவான ஆதாரம் ஒன்று 2005-ல் வந்தது. நடனத்தைப் பின்தொடர்ந்த தேனீக்களின் முதுகில் மிகச் சிறிய கருவியைப் பொருத்தி, அவை பறக்கும் பாதையை ரேடாரில் பார்த்தார்கள் ஆய்வாளர்கள். நடனம் சொன்ன திசையிலும் தூரத்திலும்தான் அவை பறந்தன. கூட்டிலிருந்து எடுத்துப்போய் வேறு இடத்தில் விட்டபோதும், அங்கிருந்து நடனம் சொன்ன அதே திசையில் கிளம்பின. கடைசிச் சில மீட்டர்களுக்கு வாசனை உதவுகிறது என்பதையும் இன்று யாரும் மறுப்பதில்லை.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

உலகின் முக்கிய உணவுப் பயிர்களில் 75 சதவீதத்துக்கும் மேற்பட்டவை ஏதோ ஒரு அளவில் மகரந்தச் சேர்க்கை செய்யும் உயிரினங்களை நம்பியிருக்கின்றன என்கிறது 2016-ல் வெளியான சர்வதேச மதிப்பீடு ஒன்று. இதில் தேனீக்களின் பங்கு பெரியது. நெல், கோதுமைக்குக் காற்றும் தன்மகரந்தச் சேர்க்கையும் போதும். ஆனால் ஆப்பிள், பாதாம், பூசணி, சூரியகாந்தி போன்றவற்றுக்குத் தேனீ வேண்டும்.

பூச்சிக்கொல்லி தேனீயை உடனே கொன்றால்தான் ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 2012-ல் பிரான்ஸில் நடந்த ஆய்வில், தயமீத்தாக்சம் என்ற நியோநிகோட்டினாய்டு மருந்தை மிகக் குறைந்த அளவில் எடுத்துக்கொண்ட தேனீக்கள்கூடக் கூட்டுக்குத் திரும்ப வழி தெரியாமல் தொலைந்துபோனது தெரியவந்தது. வழி கண்டுபிடிப்பதும் வழி சொல்வதும்தான் தேனீக் கூட்டத்தின் உயிர்நாடி என்பதை ஃபிரிஷ் காட்டியிருந்தார். அதில்தான் கைவைக்கிறது இந்த மருந்து. தயமீத்தாக்சம் உட்பட மூன்று நியோநிகோட்டினாய்டுகளைத் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தடை விதித்தது.

அவர் கண்டுபிடித்த மொழி இன்று தேனீக்களைப் பாதுகாக்கவும் பயன்படுகிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 5,000-க்கும் மேற்பட்ட தேனீ நடனங்களைப் படம்பிடித்து மொழிபெயர்த்து, 94 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேனீக்கள் எங்கெல்லாம் உணவு தேடுகின்றன என்று வரைபடம் தயாரித்தார்கள். எந்த நிலம் உண்மையிலேயே பூச்சிகளுக்கு உதவுகிறது என்பதற்குத் தேனீக்களே சர்வே எடுத்துக் கொடுத்த மாதிரி!

நாம் என்ன செய்யலாம்?

- பூக்கும் நேரத்தில் மருந்து வேண்டாம்: செடி பூத்திருக்கும்போது பூச்சிக்கொல்லி தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்கவே முடியாவிட்டால், தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பிய பிறகு மாலையில் தெளிக்கலாம்.

- நீலம், ஊதா, மஞ்சள்: மாடித் தோட்டத்தில் துளசி, சூரியகாந்தி மாதிரியான செடிகளுக்கு இடம் கொடுங்கள். ஒன்று பூத்து முடியும்போது இன்னொன்று பூக்கும்படி கலந்து வைப்பது நல்லது.

- தண்ணீர்: கோடையில் கூழாங்கல் போட்ட தட்டில் கொஞ்சம் தண்ணீர் வையுங்கள். கல்லில் உட்கார்ந்து குடிக்க வசதியாக இருக்கும், மூழ்காது.

- கூட்டைக் கொளுத்த வேண்டாம்: அபார்ட்மென்ட் சுவரிலோ மரத்திலோ தேனீக்கள் திடீரென்று திரண்டிருந்தால், அது இடம் மாறும் வழியில் இளைப்பாறும் கூட்டமாக இருக்கலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகவே கிளம்பிவிடும். சீண்டாமல் தள்ளி இருங்கள். கூடு கட்டி ஆபத்தாகத் தெரிந்தால், கொல்லாமல் இடம் மாற்றத் தெரிந்தவர்களை அழையுங்கள்.

ஒரு தேனீ உணவுக்காகச் சில கிலோமீட்டர் தூரம்கூடப் பறந்துபோகும். ஆகவே, ஒரு தெருவில் தெளிக்கும் மருந்து பக்கத்து ஊர்க் கூட்டையும் பாதிக்கலாம். அதேபோல, ஒரு மொட்டை மாடியில் பூக்கும் செடியின் தகவலும் எங்கோ ஒரு கூட்டுக்குள் நடனமாகப் போய்ச் சேரும்.